ஏழாம் நம்பர் கேசட்டுகள்

மாதேஸ்வரி அக்காவிடம் அறுபத்து மூன்று கம்ப்யூட்டர் கேம் கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் விளையாடியதில்லை. திரையில் என்னதான் ஓடும் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்னா தெரியும்? காதால கேட்டதோட சரி. பார்த்ததில்ல" என்றார்.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரே வரிசையாகக் கட்டிய எட்டு வாடகை அறைகளில் அவர் மூன்றாவது, நான் ஐந்தாவது. நான் அஞ்செட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எலக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வேலை தேடுகிறேன். நடுநடுவே மூன்று மாதம், நான்கு மாதம் ஒப்பந்த வேலை. ஊரில் யாராவது கேட்டால் அப்பா "கம்ப்யூட்டர்ல இருக்குறா" என்று சொல்லிவிடுகிறார். அது பொய்யென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்குகிறார். அவர் வீட்டுக்காரர் மாதப்பன் லாரி விபத்தில் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில், ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் அட்டைப் பெட்டி ஒன்றில் கேசட்டுகளை அடுக்கி, மேலே பழைய சேலையைப் போர்த்தி வைத்திருக்கிறார். எல்லாக் கேசட்டிலும் லேபிளின் மூலையில் சிவப்பு மையில் 7 என்று எழுதியிருக்கும். அந்த ஏழு இல்லாத கேசட்டை அவர் தொடுவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி இருந்ததாம். விலை குறைந்த வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்தி விற்றார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் அது. ரப்பர் பட்டன்கள். வீட்டு டிவியில் இணைத்துக்கொள்ள வேண்டும். கேம் வேண்டுமென்றால் சாதாரண டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, ஒயர் வழியாக அதற்கு ஓட்டிக்காட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் காது கிழிகிற மாதிரி கத்தும். கத்தி முடித்தால் கேம் வரும். நடுவில் ஓரிடத்தில் பிசகினாலும் வராது.

கம்பெனி வெளிநாட்டு கேம்களை நகலெடுத்துக் கம்ப்யூட்டரோடு கொடுத்தது. தாய்க் கேசட் ஒன்று. அதற்கு அங்கே 'மதர்' என்று பெயர். மதரிலிருந்து ஒரே நேரத்தில் பன்னிரண்டு நகல் எடுப்பார்கள். நகல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, இல்லை, கேட்க, எட்டுப் பெண்கள் இருந்தார்கள். பத்தாவது முடித்துவிட்டுப் பாரூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த மாதேஸ்வரி அந்த எட்டில் ஒருத்தி. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுக் கேசட்டையும் கேட்க வேண்டும். முதலில் நீளமாக ஒரு கூவல் வரும், அது நடுங்கக் கூடாது. அப்புறம் இரைச்சல் வரும், அதில் விக்கல் இருக்கக் கூடாது. சரியாக இருந்தால் மூலையில் தன் நம்பரை எழுதி அனுப்ப வேண்டும். மாதேஸ்வரிக்கு ஏழு. கேம்களின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சத்தத்தை வைத்து அவர்களே பெயர் போட்டுக்கொண்டார்கள். ஒன்று மாவு மில், ஒன்று கொசு, ஒன்று சைக்கிள் செயின். 'டபுள் பிரிட்ஜ்' என்ற கேமுக்குத் தறி. கூவலுக்கு அடுத்து வரும் இரைச்சல் தறி ஓடுகிற மாதிரியே விட்டுவிட்டு அடிக்குமாம்.

தொண்ணூறாம் வருஷம் பெங்களூரு வியாபாரி ஒருவருக்கு முன்னூறு தறிக் கேசட் போனது. அத்தனையும் மாதேஸ்வரி கேட்டவை. ஒரு வாரத்தில் முன்னூறும் திரும்பி வந்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

சூப்பர்வைசர் விஜயகுமார் எல்லாரையும் நிற்கவைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள் நஞ்சம்மா, எட்டாம் நம்பர். அவளிடம் கேட்டார், "இவ கேட்டுட்டு நம்பர் போடுறாளா, கேக்காமயே போடுறாளா?"

நஞ்சம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "சில நேரம் கேக்காமயும் போடுவா சார்" என்றாள்.

அன்று மத்தியானமே மாதேஸ்வரியை அனுப்பிவிட்டார்கள். கம்பெனி கேட்டில் நின்ற பையன்கள் வைத்த பெயர் செவிடி. அது அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியாரும் அப்படித்தான் கூப்பிட்டாராம். "கூப்புட்டா திரும்பவும் கூடாது, திரும்பாம இருக்கவும் கூடாது. திரும்புனா பேர ஒத்துக்கிட்ட மாதிரி. திரும்பலன்னா நெசமாவே செவிடி" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நான் ஒரு கேசட்டுகூட கேக்காம நம்பர் போட்டதில்ல, சுவாதி. ஒண்ணுகூட."

கம்பெனி இரண்டு வருஷத்தில் மூடிவிட்டது. திரும்பி வந்த கேசட்டுகள் வேறு சரக்கோடு ஏலத்தில் எங்கெங்கோ போயின. பல வருஷம் கழித்து, பழைய பேப்பர் போடப் போன கடையில் ஒரு சாக்கில் ஏழு என்ற சிவப்பு எழுத்தை அக்கா பார்த்தார். அது கொசு. அன்றைக்கு ஆரம்பித்தது. லீவு நாளில் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கினார். எல்லை தாண்டி அத்திப்பள்ளிக் கடைகளில் "ஹளே கேசட் இதியா?" என்று கன்னடத்தில் பழைய கேசட் கேட்பார். பாதிக் கேசட்டில் யாராவது பாட்டு பதிந்திருப்பார்கள். அவற்றையும் எடுத்துக்கொள்வார். அவர் தேடியது தறி. முன்னூறில் ஒன்றாவது கிடைத்தால், அதை யாராவது ஓட்டிக்காட்டினால், தன் காதில் குறையில்லை என்று தெரிந்துவிடும். முதல் தறி ஐந்து வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் கிடைத்தது. இரண்டாவது இந்த மார்ச்சில், அத்திப்பள்ளியில். மறுநாள் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவதான? இத ஓட்டிக் காட்டு."

நான் படித்ததில் இது எதுவும் வரவில்லை. ஆனால் இல்லையென்று சொல்ல எனக்கு வராது. படித்தவள் என்று ஒருவர் நம்பி வந்து நிற்கும்போது, படிக்காததையும் தெரிந்த மாதிரிக் காட்டத்தான் பழகியிருக்கிறேன். இணையத்தில் தேடினேன். அந்தக் கம்ப்யூட்டரைப் போலவே வேலை செய்யும் ஒரு ப்ரோகிராம் லேப்டாப்புக்கு இலவசமாகக் கிடைத்தது. இந்தக் கேம்களைச் சேர்ப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய குழு ஒன்றில் அக்காவின் பெட்டியைப் படம் பிடித்துப் போட்டேன். அட்டை கிழியாமல் இருக்கிறதா, டப்பா உடையாமல் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மூலையில் இருக்கும் ஏழு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவின் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டு முதல் தறியை ஓட்டினேன். கூவல் வந்தது. இரைச்சல் வந்தது. திரையில் பாலத்தின் படம் கோடு கோடாக விழுந்தது. ஐந்தாவது நிமிஷம், எல்லாம் முடிகிற இடத்தில், ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைச் சுத்தம் செய்தேன், அதன் பக்கத்துத் திருகைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வரி. இரண்டாவது கேசட்டையும் ஒருமுறை போட்டேன். அதுவும் நின்றது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. "நடக்குதுக்கா" என்று சொல்லிவைத்தேன். அவரோ அதற்குள் நஞ்சம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். நஞ்சம்மா பாகலூர் ரோட்டில் சொந்த வீட்டில் இருக்கிறார். கல்யாண வீடுகளில் பார்த்தால் இருவரும் வேறு வேறு பந்தியில் உட்காருவார்களாம். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் பேச்சு அந்தப் போன்தான். "ஞாயித்துக்கெழம வா. ஒண்ணு காட்டணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நான் செய்ததை எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன். டபுள் பிரிட்ஜ் கேம் இணையத்தில் கோப்பாகவே கிடைத்தது. எந்தக் கேசட்டும் வேண்டாம். அழுத்தினால் அதே கூவல், அதே இரைச்சல், கடைசியில் கேம். அதை இறக்கி வைத்துக்கொண்டேன். டேப் ரெக்கார்டரில் கேசட் சும்மா சுற்றும், சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு அது ஏமாற்று வேலையாகக்கூடத் தோன்றவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை ஓசூரில் ஒரு சென்டரில் ரெடிமேடாக வாங்கினோம். வாய்மொழித் தேர்வில் சர்க்யூட் வேலை செய்யாவிட்டால், ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவை ஓட்டிக்காட்டச் சென்டர்காரரே சொல்லிக்கொடுத்தார். நானும் அப்படித்தான் தேறினேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நஞ்சம்மா வந்தார். பட்டுச் சேலை, கையில் ஆப்பிள் பை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா. செவிடி வீடுதான்" என்றார் அக்கா.

"ஏன் மாதேசு, வந்ததும் வராததுமா."

"பேர் வச்சது நானில்ல."

நஞ்சம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா கேசட்டை எடுத்து மூலையைக் காட்டினார். "தறி. அந்த முன்னூறுல ஒண்ணு. இப்ப இது ஓடும், பாரு." என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் டேப் ரெக்கார்டரின் பட்டனை அழுத்தி, லேப்டாப்பிலும் அழுத்தினேன். கூவல் அறை முழுக்க நிறைந்தது. நஞ்சம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல் தொடைமேல் லேசாகத் தட்டியது. பாலத்தின் படம் விழுந்தது. ஐந்து நிமிஷம் முடிந்தது. திரையில் ஒரு குட்டி மனிதன் பாலத்தின்மேல் வந்து நின்று கையை ஆட்டினான்.

"அட, இதுதானா அது" என்றார் நஞ்சம்மா. கண் கலங்கியிருந்தது. "ஓடுது மாதேசு. நல்லாத்தான் ஓடுது."

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம கேசட்டு இல்ல" என்றார்.

ரெக்கார்டர் பக்கம் விரலை நீட்டினார்.

"நம்ம கம்பெனியில பதிஞ்சதுல அடியில ஒரு உறுமல் ஓடிட்டே இருக்கும். கரண்ட்டு உறுமல். இதுல அது இல்ல. கழுவிவிட்ட மாதிரி இருக்குது." என் பக்கம் திரும்பினார். "என்னா பண்ண?"

நான் சொன்னேன். அஞ்சு நாளா ஓடலக்கா, அதனால நெட்ல இருந்து எடுத்துப் போட்டேன் என்றேன்.

"விடு, அது எதுலயோ ஓடட்டும்" என்றார் நஞ்சம்மா. "நான்தான் ஒத்துக்கிட்டேனே. போதும்ல?"

"போதாது" என்றார் அக்கா. "நீ பார்த்தது என் கேசட்டில்ல." என்னிடம், "நெசமானத போடு."

ஒயரை மாட்டி நிஜமான தறியைப் போட்டேன். இந்த முறை எனக்கும் அந்த உறுமல் கேட்டது. இரண்டு பெண்களும் டேப் ரெக்கார்டரின் இரண்டு பக்கமும் குனிந்து கேட்டார்கள். கூவல், தறி, மறுபடியும் கூவல், நீளமான இரைச்சல். ஐந்தாவது நிமிஷம் அதே வரி வந்து நின்றது.

"ஓடல" என்றேன்.

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பேசும் முன்னால் நஞ்சம்மா, "இன்னொருக்கா போடு பாப்பா" என்றார். போட்டேன். அவர் ரெக்கார்டரின்மேல் காதையே வைத்துவிட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"விக்கலே இல்லியே, மாதேசு."

"இல்லதான்."

"நடுக்கமும் இல்ல. நானா இருந்தாலும் பாஸ் போட்டிருப்பேன்." ரெக்கார்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார், "அந்த வாரம் டிவி இல்லியே."

எனக்குப் புரியவில்லை. அக்காதான் விளக்கினார். பெண்கள் கேட்டு முடித்த தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் போட்டு டிவியில் பார்ப்பது வழக்கம். அதற்கென்று ஒரே ஒரு டிவி. அந்த வாரம் மேனேஜர் வீட்டு டிவி ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமைச் சாமித் தொடர் பார்க்க, கம்பெனி டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு நாள் திரும்பி வரவில்லை. அந்த எட்டு நாளும் சரக்கு வெறும் காதை நம்பித்தான் போனது. எட்டுப் பெண்களுக்கும் இது தெரியும்.

"அன்னிக்கே சொன்னேன், டிவியில போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு. ஒருத்தி வார்த்தை எடுபடல" என்றார் அக்கா. "நீயும் சொல்லியிருந்தா ரெண்டு வாயா இருந்திருக்கும்."

"ரெண்டு பேரும் வெளிய போயிருப்போம்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல" என்றார் நஞ்சம்மா. "எங்க வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போனேன். பயந்துட்டேன். சில நேரம்னுதான் சொன்னேன், எப்பவும்னு சொல்லல. அதயே பெரிய நியாயமா நெனச்சிட்டு இத்தன நாளு இருந்துட்டேன்."

அக்கா டீ போட எழுந்தார். மூன்று டம்ளர் எடுத்தார். நஞ்சம்மா குடித்தார். கிளம்பும்போது, "வரட்டுமா" என்று இரண்டு முறை கேட்டார். அக்கா இரண்டாவது முறைதான் "ம்" என்றார். ஆப்பிள் பையை வேண்டாமென்று சொல்லவில்லை, திறக்கவும் இல்லை.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஓடலன்னு சொல்றது அவ்ளோ கஷ்டமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே என் அறைக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இரண்டு தறிக் கேசட்டுகளையும் லேப்டாப்பில் பதிந்து, எண்களாக மாற்றி, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. இணையத்துக் கோப்போடு ஒப்பிட்டால், நாற்பதாயிரத்துச் சொச்சம் எண்களில் ஒன்றே ஒன்று வேறாக இருந்தது, இரண்டிலும் அதே இடத்தில். ஒரு துடிப்பு, கண் இமைப்பதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது, நீளம் மாறியிருந்தது. எந்தக் காதுக்கும் அது கேட்காது. வேறு வேறு இடத்தில் கிடைத்த இரண்டு நகலிலும் ஒரே தப்பு என்றால், தப்பு அந்த வாரத்து மதரில் இருந்திருக்கிறது. மதரை எழுதியது பெண்கள் இல்லை.

அக்கா கேன்டீனிலிருந்து வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"அப்ப முன்னூறும் செத்ததுதானா?"

"ஆமாக்கா. ஆனா உங்க தப்பில்ல. காதால கேட்டு யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"தப்பு யாருதோ" என்றார். "நம்பரு என்னுது."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருஷமாக அவர் நம்பியது இரண்டு. ஒன்று, தன் காது சரி. இன்னொன்று, அந்தக் கேசட்டுகள் நல்லவை. முதலாவது நிஜம் என்று தெரிந்த அதே நிமிஷத்தில் இரண்டாவதை நான் பிடுங்கிவிட்டேன். மூன்று நாள் அவர் அறையில் விளக்கு சீக்கிரமே அணைந்தது.

அடுத்த ஞாயிறு காலை, கையில் துணிப்பையோடு என் வாசலில் நின்றார். "கிருஷ்ணகிரி போறேன். வரியா?"

"இனி எதுக்குக்கா?"

"இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தெட்டு வெளிய கெடக்குது. எவனோ எடுத்துப் போட்டு, ஓடலன்னதும் திருப்பி மூலையில என் நம்பரப் பார்ப்பான். அது கெடக்க வேணாம்."

அவ்வளவும் கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். குப்பையில் போயிருக்கும், பாட்டு பதிந்திருப்பார்கள், எரிந்திருக்கும் என்றெல்லாம். அவருக்கு அது தெரியாதா என்ன. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிருஷ்ணகிரிப் பழைய பேப்பர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தார். கேசட்டுகள் தரையில் பரவின. "பொறுக்கிக்கோங்க" என்றார். அக்கா ஒரு பக்கம் குந்தினார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, முதல் கேசட்டை எடுத்து, லேபிளின் மூலையைத் துடைத்துப் பார்த்தேன்.